ஜனவரியில் எட்டுத் தீவு

கேள்வி: நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பொங்கலை ஒட்டி இருவருக்கும் சேர்ந்தாற்போல் இருபது நாள் லீவு கிடைத்திருக்கிறது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு இந்தோனேசியத் தீவுகளைச் சுற்றலாம் என்கிறார் கணவர். பாலி, நுசா பெனிடா, கிலி திராவாங்கன், லொம்போக், சும்பாவா, கொமோடோ, ஃப்ளோரெஸ், கடைசியில் ராஜா அம்பட் என்று எட்டுத் தீவுகளை எக்செல் ஷீட்டில் மணிக்கணக்கோடு போட்டு வைத்திருக்கிறார். பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டு இடத்தைக் குறைக்கலாமே என்றால், "பேக்பேக்கிங்னா அப்படித்தான்" என்கிறார். எனக்கு ஊட்டி மலைப்பாதையிலேயே குமட்டும். இருவருக்கும் நீச்சல் தெரியாது. நான் சைவம். யார் சொல்வது சரி? ஸ்கூட்டர் எடுக்கலாமா, பை எவ்வளவு கனம் இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: எட்டா, ஆறா என்று இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அந்த ஷீட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஜனவரியில் அந்தக் கடல் எப்படி இருக்கும்?

ஜோடிகளுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தீவுப் பயணம் என்று யார் வந்தாலும் வரைபடத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் மாதத்தைச் சொல்லுங்கள் என்பேன். மலைவாசஸ்தலத்தில் மழை வந்தால் அறையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்னலாம். தீவில் காற்று கிளம்பினால் படகு நின்றுவிடும். அடுத்த தீவில் கட்டிய அறை வாடகை போகும். அதற்கடுத்த விமானமும் போகும். எட்டுத் தீவுத் திட்டத்தில் ஒரு படகு நின்றால் பின்னால் இருப்பதெல்லாம் வரிசையாகச் சரியும்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொடுக்கிற அதே வடகிழக்குக் காற்றின் இன்னொரு பகுதி தென்கிழக்காசியா வழியாகத் தெற்கே போகிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் அது திசை திரும்பி, வடமேற்குக் காற்றாக ஜாவா, பாலி, லொம்போக், ஃப்ளோரெஸ் வரிசை முழுவதும் மழையைக் கொட்டுகிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அவர்களுக்கு மழைக்காலம். அதிலும் ஜனவரி, பிப்ரவரிதான் உச்சம். பாலிக்கும் கிலி தீவுகளுக்கும் நடுவே ஓடும் விரைவுப் படகுகள் அலை உயர்ந்தால் நிறுத்தப்படும். கொமோடோவுக்குப் படகு கிளம்பும் லாபுவான் பாஜோவில் துறைமுக அதிகாரிகள் இந்த மாதங்களில் புறப்பாட்டுக்குத் தடை போடுவது வழக்கமான செய்தி. லொம்போக்கின் ரிஞ்சானி மலைப்பாதை ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை மூடியே இருக்கும். பாலியின் கூட்டா கடற்கரையில் இந்தப் பருவத்தில் அலை கொண்டுவந்து போடுகிற பிளாஸ்டிக் குப்பையைக் காலையில் டிராக்டர் வைத்து அள்ளுவார்கள். தேன்நிலவுப் படங்களில் அது வராது.

உங்கள் பட்டியலில் ஜனவரிக்கு ஏற்ற இடம் ஒன்றே ஒன்றுதான்: ராஜா அம்பட். அங்கே கணக்கே வேறு, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. ஆனால் ஃப்ளோரெஸிலிருந்து அங்கே போக விமானம் மாறி சொரோங் நகரம், அங்கிருந்து கப்பல் என்று ஒன்றரை நாள் கரைந்துவிடும். மலேரியா உள்ள பகுதி வேறு. அதை இதோடு ஒட்டாதீர்கள். என்றாவது தனியாகப் போக வேண்டிய இடம் அது.

ஆக, ஒன்று தேதியை மாற்ற வேண்டும், இல்லை இடத்தை மாற்ற வேண்டும்.

தேதி மாறும் என்றால் மே, ஜூன் அல்லது செப்டம்பரில் இந்தோனேசியா போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வானம் நன்றாக இருக்கும், ஆனால் கூட்டம் அம்மும். அப்போதும் எட்டு வேண்டாம். பாலியில் கிழக்குப் பக்கம் சிடமென் அல்லது அமெட், பிறகு கிலி தீவுகளில் அமைதியான கிலி ஆயர், பிறகு பாலியின் டென்பசாருக்குத் திரும்பி விமானத்தில் ஃப்ளோரெஸ். கொமோடோவைத் தனித் தீவாக எண்ணத் தேவையில்லை; லாபுவான் பாஜோவில் தங்கிக்கொண்டு படகில் போய்வருவதுதான் எல்லாரும் செய்வது. மிச்சமாகும் நாட்களை ஃப்ளோரெஸின் உள்நாட்டுக்குக் கொடுத்தால் கெலிமுத்து எரிமலையின் மூன்று நிற ஏரிகள் வரை போகலாம். திராவாங்கனை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. இரவெல்லாம் பாட்டுச் சத்தம் கேட்க ஈரோட்டிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

பொங்கல் லீவுதான் நிச்சயம் என்றால், அதே நாட்களில் பொன்னாக இருக்கிற கடல் ஒன்று இருக்கிறது. மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரை, அதாவது அந்தமான் கடல் பக்கம். வடகிழக்குக் காற்றைத் தீபகற்பத்தின் மலைகள் தடுத்துவிடுவதால் டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வெயிலும் அமைதியான நீரும்தான். கிழக்குப் பக்கம் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிற கோ சமுயி வேறு கதை. நாகப்பட்டினத்தைப் போல அதுவும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் நனையும். தாய்லாந்துத் தீவு என்றாலே ஒரே பருவம் என்று நினைத்து டிக்கெட் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

நான் போடுவது இதுதான். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து லங்காவி. விமானத்தில் ஒரு மணி நேரம். ரயில்தான் பிடிக்கும் என்றால் ஆராவ் வரை ரயிலில் போய், குவாலா பெர்லிஸில் படகேறலாம். லங்காவியில் மூன்று இரவு. அங்கிருந்து படகில் ஒன்றரை மணி நேரத்தில் நாடு மாறி, தாய்லாந்தின் கோ லிப்பே. நான்கு இரவு. பிறகு வடக்கே கோ முக், நான்கு இரவு. பக்கத்தில் இருக்கும் கோ கிராடானை அங்கிருந்து பகலில் பார்த்துவிடலாம். கடைசியாக கோ லந்தா, ஐந்து இரவு. லந்தாவிலிருந்து வேன் பிடித்து கிராபி விமான நிலையம், கோலாலம்பூர், திருச்சி. தீவு நான்கு. போன வழியே திரும்ப வேண்டியதில்லை. லிப்பே, முக், லந்தா மூன்றையும் கோர்த்து விரைவுப் படகு ஓடுவது சீசனில் மட்டும்தான். நீங்கள் போவது நடு சீசன்.

நாலு என்றதும் உங்கள் கணவர் முகம் சுளிப்பார். அவருக்கு ஒரு கணக்கு. இருபது நாளில் போக வர இரண்டு நாள் போனால் பதினெட்டு. எட்டுத் தீவுக்கு ஏழு கடப்பு. ஷீட்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருப்பார். படகு ஓடுகிற நேரம் அவ்வளவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்து, வேனுக்குக் காத்திருந்து, துறையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, படகேறி, இறங்கி, வண்டி பேசி, புது அறையில் பையை இறக்கும்போது மாலை நாலு. அது ஒரு நாள். ஏழு போனால் பதினொன்று. எட்டுத் தீவுக்குப் பதினொரு நாள் என்றால் ஒரு தீவுக்கு ஒன்றரை நாள்கூட இல்லை. பேக்பேக்கிங் என்பது அப்படித்தான் என்று அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஹோட்டல் பேக்கேஜில் போகிறவர்களுக்குத்தான் மணிக்கணக்கு. பை தோளில் இருப்பவருக்கு, பிடித்த இடத்தில் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிற உரிமை உண்டு. அதற்கு ஷீட்டில் காலிக் கட்டங்கள் இருக்க வேண்டும்.

லிப்பேயில் இறங்குவதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் பை பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. லங்காவிப் படகு கரை வரை வராது. கொஞ்சம் தள்ளி நிற்கும்; அங்கே நீண்ட வால் இயந்திரம் வைத்த மரப்படகுக்கு மாறுவீர்கள். பாஸ்போர்ட்டைப் படகுக்காரர்களே மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள், பதற வேண்டாம். கரையில் மணலை ஒட்டியே இருக்கும் குடியேற்ற அலுவலகத்தில் பெயர் கூப்பிட்டுத் தருவார்கள். மரப்படகு மணலில் முட்டியதும் முழங்கால் தண்ணீரில் குதிக்க வேண்டும். செருப்பு கையில், பை தோளில், போன் உயரே. அந்த நேரத்தில் சக்கரம் வைத்த சூட்கேஸோடு நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பின்னால் தூக்கி, ஒரு கையை விட்டுக் குதிக்க முடிகிற கனம்தான் உங்கள் பையின் கனம். எண்ணாகக் கேட்டால் ஆளுக்கு ஏழு கிலோ. மலிவு விமானங்கள் கையோடு கொண்டுபோக விடுவதும் பெரும்பாலும் அவ்வளவுதான். நாற்பது லிட்டர் பைக்கு மேல் வாங்காதீர்கள். இடம் இருந்தால் நிரப்பிவிடுவோம்.

உள்ளே என்ன? நான்கு செட் பருத்தித் துணி, ஒரு முழுக்கை, மெல்லிய மழைச்சட்டை, போனுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தண்ணீர் புகாத பை. கடையில் விற்கிற மைக்ரோஃபைபர் டவலுக்குக் காசைக் கொட்டாதீர்கள். உங்கள் ஊர் மெல்லிய துண்டு இரண்டு போதும், அரை மணியில் காய்ந்துவிடும். அவருக்கு லுங்கி ஒன்று: படுக்க, மாற்ற, மணலில் விரிக்க, வெயிலுக்குப் போர்த்திக்கொள்ள. கோ முக் கிராமமும் லந்தாவின் பெரும்பகுதியும் முஸ்லிம் மக்கள் வாழும் இடங்கள். நீச்சலுடையோடு கடைத்தெருவில் நடக்காதீர்கள். சன்ஸ்கிரீன் வாங்கும்போது பின்னால் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளவற்றைத் தாய்லாந்துக் கடல் தேசியப் பூங்காக்களில் 2021-லேயே தடை செய்துவிட்டார்கள். பவளப் பாறைகளுக்குக் கேடு.

குமட்டலுக்கு வருவோம். ஊட்டிச் சாலையில் வருவதும் கடலில் வருவதும் ஒரே வியாதிதான். உங்கள் மருத்துவரிடம் கேட்டு அவோமின் போன்ற மாத்திரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் பயனில்லை. ஒன்று இரண்டு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். தூக்கம் வரும், அதனால் இறங்கியதும் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். விரைவுப் படகில் முன்பக்கம் காற்றோட்டமாக இருக்கிறதே என்று போய் உட்காராதீர்கள், அங்கேதான் தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம், நடுவில். கண் தொடுவானத்தில். போனைப் பார்க்கவே கூடாது. வெறும் வயிறும் வேண்டாம், புரோட்டாவும் வேண்டாம். இரண்டு இட்லி அளவுக்கு எதையாவது சாப்பிட்டிருங்கள். படகு டிக்கெட்டைக் காலை நேரத்துக்கு எடுங்கள், பொதுவாக அப்போது கடல் சாதுவாக இருக்கும்.

நீச்சல் தெரியாது என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி. இன்னும் நாள் இருக்கிறது, இருவரும் பக்கத்துக் குளத்தில் போய்ச் சேருங்கள். நீந்திக் கடக்க வேண்டாம். மல்லாந்து மிதக்கவும், முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயில் கவ்விய குழாய் வழியாக மூச்சு விடவும் பழகினால் போதும். ஸ்னார்க்கலிங் முழுவதும் அவ்வளவுதான். பவளமும் மீனும் பார்க்க ஆழத்துக்குப் போக வேண்டியதே இல்லை, லிப்பேயில் இடுப்பளவு தண்ணீரிலேயே தெரியும். கோ முக்கில் மரகதக் குகை என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ எண்பது மீட்டர் நீளமுள்ள சுரங்க வழியில் மிதந்து போக வேண்டும். நடுவில் கும்மிருட்டு, படகுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போவார். வெளியே வந்தால் நாலு பக்கமும் செங்குத்துப் பாறை சூழ்ந்த ஒரு துண்டுக் கடற்கரை, மேலே வானம். மிதவை அங்கியோடு போகலாம். ஆனால் தண்ணீரைக் கண்டு பதறுகிறவர் அந்த இருட்டில் பதறினால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. குளத்தில் பழகிய பிறகு முடிவெடுங்கள். சில கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள்: பெட்டி ஜெல்லிமீன் கொட்டினால் உடனே ஊற்ற. எங்கே இருக்கிறது என்று கண்ணில் போட்டு வையுங்கள்.

ஸ்கூட்டர் எடுக்கலாம், லங்காவியிலும் லந்தாவிலும் மட்டும். லிப்பேயை அரை மணியில் நடந்து கடந்துவிடலாம். இரண்டு நாட்டிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். கிளம்பும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வாங்குங்கள், ஓராண்டு செல்லும். அதில் இரு சக்கர வாகனம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இது போலீஸுக்குக் காட்டுவதற்கு மட்டும் இல்லை. உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்கு ஆகும் செலவு உங்கள் மொத்தப் பயணச் செலவைத் தாண்டிப் போகும். பாலிசியில் வாடகை ஸ்கூட்டர் உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரர் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், முன்பணம் தருகிறோம் என்று சொல்லுங்கள். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிடுங்கள், பழைய கீறலுக்கு நீங்கள் தண்டம் கட்ட வேண்டாம். பின்னால் உட்காரும் நீங்கள் எப்போதும் இடப்பக்கமாகவே இறங்குங்கள். புகைக்குழாய் வலப்பக்கம் இருக்கும். அரைக்கால் உடையோடு அந்தப் பக்கம் இறங்கிக் கெண்டைக்காலில் சூடு வாங்கிய பிறகு, உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் கால் வைக்க முடியாது.

சைவம் சமாளிக்கலாம், கொஞ்சம் வாய் பேச வேண்டும். லங்காவியின் குவா டவுனில் தமிழர் கடைகள் இருக்கின்றன, தோசைக்குக் குறையில்லை. லங்காவி தாண்டினால் எதிலும் மீன் சாறு விழும். "மாய் சாய் நாம் ப்லா" என்றால் மீன் சாறு போடாதே என்று பொருள், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முழுச் சைவத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் "ஜே". மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தோடு கொடி தொங்கினால் அது ஜே கடை. எதுவும் கிடைக்காத இரவில் தள்ளுவண்டி ரொட்டி இருக்கிறது, வாழைப்பழம் வைத்து மடித்துத் தருவார்கள். முட்டை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் வீட்டுப் பருப்புப்பொடி ஒரு சின்ன டப்பா தப்பில்லை.

பணத்தில் ஒரே எச்சரிக்கை: ஜனவரி அங்கே உச்ச சீசன், லிப்பேயில் அறை வாடகை ஏறியிருக்கும். லிப்பேயை இப்போதே பதிவு செய்யுங்கள், லந்தாவைத் திறந்து விடுங்கள். அது பெரிய தீவு, எப்போதும் ஏதாவது கிடைக்கும். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் அந்த ஊர்ப் பணத்தில் இருநூறு பாட்-க்கு மேல் பிடிக்கும், ஆகவே எடுக்கும்போது மொத்தமாக எடுங்கள். கோ முக்கில் ஏடிஎம்மை நம்பி இறங்காதீர்கள். உங்கள் தேதிக்குள் தைப்பூசம் விழுந்தால் மலேசியப் பயண டிக்கெட்டுகளையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கொசுவுக்கும் தைலம் வேண்டும். டெங்கு பகலில் கடிக்கும் கொசுவால் வருவது, நமக்குத் தெரிந்ததுதான். தாய்லாந்தில், கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸும் இருக்கிறது. குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் கிளம்பும் முன் மருத்துவரிடம் இதைச் சொல்லிப் பேசிவிடுங்கள். குமட்டல் மாத்திரை விஷயத்திலும் அதைச் சொல்ல வேண்டும்.

சரி, யார் சொல்வது சரி? எண்ணிக்கையில் நீங்கள். ஆனால் ஒரு மனுஷன் உட்கார்ந்து ஏழு கடப்புக்கும் படகு நேரம் தேடி எழுதியிருக்கிறார் என்றால் அது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிற குணம், அதைக் கேலி செய்யாதீர்கள். படகும் டிக்கெட்டும் அவர் பொறுப்பு என்று விடுங்கள். அறையும் எத்தனை நாள் தங்குவது என்பதும் உங்கள் பொறுப்பு. கடல் கடந்த நாளில் வேறு எந்த ஊர்சுற்றலும் கிடையாது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை ஜோடிகள் சண்டை போடுவது அன்றைக்கு மாலைதான், பசியும் வெயிலும் சேர்ந்து. இன்னொன்று, அவர் நாள் முழுக்கப் படகில் நாலு இடம் ஸ்னார்க்கலிங் போக ஆசைப்பட்டால் போகட்டும், நீங்கள் நிழலில் படுத்துக் கிடங்கள். ஒன்றாகப் போனவர்கள் இருபது நாளும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று சட்டமில்லை.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இரண்டு நாட்டின் அரசுத் தளங்களையும் டிக்கெட் போடும் முன் ஒரு முறை, கிளம்பும் வாரம் ஒரு முறை பாருங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இப்போது இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். லங்காவியிலிருந்து கடல் வழியாக லிப்பே போனாலும் தாய்லாந்து அட்டை கட்டாயம், அதை லங்காவி அறையில் இருக்கும்போதே போனில் முடித்துவிடுங்கள். இரண்டுமே இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் மூடிவிட்டு, அரசுத் தளத்தைத் தேடிப் போங்கள்.